மூன்று பாடல்களுக்கு அப்பால்

ஒரு ராக் இசைக்குழுவை ரசிகர் அறிந்துகொள்வது பாட்டின் வழியாகவே என்றாலும், அக்குழுவினரின் முகத்தையும் நிற்கும் தோரணையையும் அவர் மனத்தில் பதியவைப்பவை பெரும்பாலும் புகைப்படங்களே. வார இதழில் தனித்தனியாக வெளியாகும் படங்கள் செய்தியோடு சேர்ந்து பழையதாகிவிட, அவையே நூலாகத் தொகுக்கப்படும்போது, குழுவுடன் நெடுந்தொலைவு பயணம் செய்த ஒருவரின் பார்வை முழுமையாக ரசிகரின் கைக்கு வந்துசேர்கிறது.

பென்னி ஸ்மித் 1980இல் வெளியிட்ட 'தி கிளாஷ்: பிஃபோர் அண்ட் ஆஃப்டர்' இதற்குச் சிறந்த சான்று. 1976இல் லண்டனில் உருவான தி கிளாஷ், பங்க் ராக் எனப்படும் வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட இசைவகையில் அரசியல் சினத்தைப் பாடிய குழு. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற இசை வார இதழுக்காகப் படமெடுத்துவந்த ஸ்மித், அவர்களுடைய அமெரிக்கப் பயணத்தில் உடன் சென்றார். மேடையில் கொதித்தெழுபவர்கள் பயணக் களைப்பில் எப்படி இருப்பார்கள் என்பதையும் அந்நூல் காட்டுகிறது. படங்களுக்குக் குழுவினரே குறிப்புகள் சொல்லியிருப்பதால், ரசிகர் அவர்களைக் காண்பதோடு அவர்கள் பேசுவதையும் கேட்கிறார்.

அப்பயணத்தில் பிறந்த ஒரு படம் உலகப் புகழ் பெற்றது. 1979 செப்டம்பரில் நியூயார்க்கின் பலேடியம் அரங்கில், பார்வையாளர்களை இருக்கையை விட்டு எழவிடாமல் காவலர்கள் தடுத்ததில் எரிச்சலுற்ற, குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் பால் சிமோனன், தம் கிட்டாரை மேடைத் தரையில் ஓங்கி அடித்தார். படத்தில் அவர் முகம் தெரிவதில்லை; அகன்று ஊன்றிய கால்களும், வளைந்த முதுகும், கிட்டாரின் கழுத்தை இறுகப் பற்றிய கைகளுமே தெரிகின்றன. தம்மை நோக்கி வந்தவரிடமிருந்து பின்வாங்கியபடியே எடுத்ததால் படம் தெளிவாக அமையவில்லை என்று கருதி, ஸ்மித் அதை வெளியிடத் தயங்கினார். ஆனால் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் ஓவியர் ரே லோரியும் அதையே வற்புறுத்தினர். 1956இல் வெளியான எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தின் அட்டையைப் போலவே இளஞ்சிவப்பும் பச்சையுமான எழுத்துகளை லோரி அமைக்க, அது குழுவின் 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் அட்டையாயிற்று. 2010இல் பிரிட்டன் அந்த அட்டையை அஞ்சல்தலையாகவும் வெளியிட்டது.

பின்னாளில் ராக் அரங்குகளில் 'மூன்று பாடல்' விதி வழக்கத்துக்கு வந்தது. மேடைக்கும் பார்வையாளர் தடுப்புக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடத்தில் நின்று முதல் மூன்று பாடல்கள் வரை, ஃபிளாஷ் இல்லாமல் மட்டுமே படமெடுக்கலாம் என்பதும், அதன்பின் வெளியேறிவிட வேண்டும் என்பதும் அவ்விதி. பார்வையாளர்களின் பார்வையை மறைக்காமலும் மேடைக் கலைஞரின் கவனத்தைச் சிதறடிக்காமலும் இருக்க வேண்டும் என்பதால் அதற்கு நியாயம் உண்டு. ஆயினும் சிமோனன் கிட்டாரை உடைத்தது நிகழ்ச்சி முடியும் தறுவாயில். அவ்விதி அன்று அங்கே நடைமுறையில் இருந்திருந்தால், அந்த நொடியில் ஸ்மித் மேடையருகே நின்றிருக்கவே முடியாது.

ஆகவே, காலத்தைத் தாண்டி நிற்கும் புகைப்பட நூலுக்குத் திறமை மட்டும் போதாது. குழுவினர் ஒரு புகைப்படக் கலைஞரை நம்பி, கடைசிப் பாடல் வரையிலும் அதற்குப் பிறகும் தம்மோடு இருக்க இடமளிக்க வேண்டும். அத்தகைய நூலைப் புரட்டும் ரசிகர்கள், தம் விருப்பத்துக்குரிய குழுவின் பெயரோடு படமெடுத்தவரின் பெயரையும் நினைவில் கொள்வதே அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை.