தொட்டில் ஆட்டிய கணக்கு

ஆஸ்திரேலியாவில் ஒரு சட்டம். 1992 முதல், சம்பளத்துக்கு மேல் ஒரு பங்கைத் தொழிலாளியின் முதுமைக்காக முதலாளி சேமநிதியில் கட்ட வேண்டும். பேஷான ஏற்பாடுதான்! ஆனால், ஒரே முதலாளியிடம் மாதம் 450 டாலருக்குக் குறைந்த சம்பளமென்றால் கட்ட வேண்டியதில்லையாம். இரண்டு கடைகளில் நானூறு நானூறாகச் சம்பாதித்த ஸ்திரீக்கும் பூஜ்யமே.

2022 ஜூலையில் அந்த வரம்பு ஒழிந்தது. 2025 ஜூலை முதல் பிறக்கும் குழந்தைகளுக்காகச் சர்க்கார் தரும் பிரசவ விடுமுறைப் பணத்துக்கும் நூற்றுக்கு 12 வீதம் சேமநிதி உண்டு.

சந்தோஷம். ஆனால், முன்பே தொட்டில் ஆட்டிய தாய்மார்களுக்குப் பழைய பாக்கி வரவில்லை. விடுமுறைப் பணம் தீர்ந்தபின் சம்பளமின்றிக் குழந்தை வளர்க்கும் வருஷங்களுக்கும் கட்டுவாரில்லை. நிதி பார்ப்பது சம்பளத்தைத்தான். உழைப்பை அல்லவே, நேயர்களே!