தாமதம் பாங்கியுடையது, தண்டம் லாரிக்காரருக்கா?

நாமக்கல்லில் ஒற்றை லாரியை நம்பிப் பிழைப்பவரின் கதையைக் கேளுங்கள். சரக்கை இறக்கியதும் வாடகைக்குச் செக் வருகிறது. தவணைக்கு நான்கு நாள் முன்பே அதைப் பாங்கியில் போடுகிறார். செக்கின் பணம் ஏறுவதற்குள் தவணை நாள் வந்துவிடுகிறது. கணக்கில் பணமில்லை என்று தவணை திரும்புகிறது. உடனே பாங்கி ஒரு கட்டணம் பிடிக்கிறது. பைனான்ஸ் கம்பெனி இன்னொரு கட்டணம் பிடிக்கிறது. பிழை யாருடையது? தண்டம் யாருக்கு?

தாமதம் நம் கற்பனையல்ல. காலை 10 முதல் மாலை 4 வரை வரும் செக்குகளுக்கு அன்று மாலை 7 மணிக்குள் முடிவு என்று 2025 அக்டோபர் 4ந் தேதி ரிசர்வ் பாங்கி புது முறையைத் தொடங்கியது. நடந்தது என்ன? தீபாவளி நெருங்கும் வேளையில் நாடெங்கும் செக்குகள் நாட்கணக்கில் தேங்கின! மூன்று மணி நேரத்தில் முடிவு என்ற இரண்டாம் கட்டம் 2026 ஜனவரி 3ல் வரவேண்டியது. டிசம்பரிலேயே அதைத் தள்ளிவைத்தார்கள். பாங்கிகளுக்கு அவகாசம் உண்டு. லாரிக்காரருக்கு ஒரு நாள் அவகாசம் உண்டா?

"அபராதத்தைக் கம்ப்யூட்டர் தானாகப் பிடிக்கிறது" என்பார்கள். நல்லது. செக் வசூல் தாமதமானால், கேட்காமலே வட்டி தருவோம் என்று பாங்கிகள் தங்கள் கொள்கையில் எழுதி வைத்திருக்கின்றனவே! அந்த வட்டி எத்தனை பேர் கணக்கில் தானாக ஏறியது? எடுக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்குக் கொடுக்கத் தெரியாதா?

அபராதமின்றிப் பாங்கி நடக்காது என்பதும் பொய். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று, 2023-24 வரையிலான 5 ஆண்டுகளில் பொதுத்துறை பாங்கிகள் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். ஸ்டேட் பாங்கி 2020லும், வேறு பல பொதுத்துறை பாங்கிகள் 2025லும் அதைக் கைவிட்டன. எந்தப் பாங்கி மூழ்கிவிட்டது?

கவுண்டரில் இருக்கும் ஊழியர் நம் எதிரியல்ல. ஆள் பற்றாக்குறையில் அவரும் அவதிப்படுகிறார். விதி எழுதும் மேலிடத்தைத்தான் கேட்கிறோம்: தாமதத்தால் விழுந்த அபராதம் முழுவதையும், பைனான்ஸ் கம்பெனி பிடித்ததையும் சேர்த்து, பாங்கியே ஏற்கவேண்டும்.

லாரித் தொழிலாளர்களே, சிறு உரிமையாளர்களே, கோழிப்பண்ணையாளர்களே! செக் போட்டால் தேதி முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். அபராதம் விழுந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையேல் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. தனித்தனியாக அல்ல, பேட்டை பேட்டையாகத் திரட்டி அனுப்புங்கள். சில நூறு ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சில நூறுகளில்தான் அவர்களின் கோடிகள் சேருகின்றன!