ஒட்டாதீர்கள், கட்டுங்கள்

போன சனிக்கிழமை காலையிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பினாங்கில் பார்க்குவார் தெருப் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் கல்யாணக் கார் நின்றிருந்தது. ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கிளவுட். கீழே சாம்பல், மேலே வெள்ளை. பானெட்டின் மேல் பிளாஸ்டிக் ரோஜாக்களை வரிசையாக வைத்து, அகலமான செலோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். ஒரு முனை வெயிலில் இளகிச் சுருண்டு, அதன் பசை மஞ்சளாக வண்ணப்பூச்சில் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கடைவீட்டுத் தேக்குக் கதவின் மேல் பெயிண்ட் பூசியதற்காக இரண்டு வாரம் ஆற்றாமையோடு எழுதியவன் நான். மரமோ உலோகமோ, தன் மேனியோடு நிற்கிற ஒன்றின் மேல் எதையாவது அப்பினால் எனக்குப் பொறுப்பதில்லை.

ஓட்டுநர் நம்மவர்தான். அறுபதைத் தாண்டியவர். கையில் சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் பழைய வேட்டிக் கிழிசலும் வைத்திருந்தார்.

"யாருண்ணே இப்படி ஒட்டினது?"

"அலங்காரத்துக்கு வந்த பிள்ளைங்க, தம்பி. நான் டீ குடிக்கப் போன நேரம். இப்ப உரிச்சா பெயிண்ட்டும் கூடவே வந்துடும். எண்ணெய் தொட்டு வச்சிட்டுக் காத்திருக்கணும்."

இருவரும் காத்திருந்தோம். முன்விளக்கு பக்கத்துக்கு ஒன்றுதான் இருந்தது. 1962-இல் வந்த மூன்றாம் வகைக்கு இரண்டிரண்டு. இது அதற்கு மூத்தது. ஆறு சிலிண்டர் என்று அவரே சொன்னார். அப்படியானால் 1955-க்கும் 1959-க்கும் நடுவில் பிறந்தது. அதன் பிறகு வந்தவற்றுக்கு எட்டு சிலிண்டர்.

கதவைத் திறந்து காட்டினார். டாஷ்போர்டில் வால்நட் மரத்தின் முண்டிலிருந்து சீவிய மெல்லிய ஏடு. சுழிசுழியாக ஓடும் ரேகை நடுவிலிருந்து இடப்பக்கம் எப்படிப் போகிறதோ, அப்படியே கண்ணாடி பிம்பம்போல வலப்பக்கமும் போகிறது. ஒரே துண்டிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்துப் பதித்தால்தான் இது வரும். ஓரத்தில் மேற்பூச்சு மயிரிழையாக வெடித்திருந்தது. வெயில்தான். நம் ஊர் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் அந்த மரம் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே பெரிது.

பானெட்டுக்கு முன்னால் அந்த ரேடியேட்டர் முகப்பு. கிரேக்கக் கோயில் வாசலின் சாயல். நேர்க்கோடாகத் தெரிகிற எந்த விளிம்பும் நேர்க்கோடு இல்லை. முழுக்க நேராக இருந்தால் நடுவில் குழிந்ததுபோல் கண்ணுக்குப் படும் என்பதால் ஒவ்வொரு முகத்தையும் சற்றே புடைக்க விட்டிருக்கிறார்கள். ஏதென்ஸ் பார்த்தினன் தூண்களில் சிற்பி செய்த அதே தந்திரம். கையால் செய்து, பற்றவைத்து, கண்ணால் அளந்து முடித்த வேலை. அதன் உச்சியில் 1911-இல் சார்லஸ் சைக்ஸ் வடித்த சிறகுப் பெண். அவள் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை நானே எடுத்தேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கார்களைப் பற்றிய பேச்சு தாத்தா காலத்தது. அவர் நார்தம் சாலையில், இன்றைய சுல்தான் அகமது ஷா சாலையில், ஒரு தவுக்கே (சீன முதலாளி) வீட்டில் சைஸாக இருந்தார். இளையவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கும். சைஸ் என்றால் குதிரை பராமரிப்பவன். அரபியில் பிறந்து இந்துஸ்தானி வழியாக வந்த சொல். லாயம் போய் கார் ஷெட் வந்தபோதும் மலாயாவில் பெயர் மாறவில்லை. குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டியவருக்கும் காடியைத் துடைத்துப் பளபளப்பாக்கியவருக்கும் ஒரே பெயர். காடி என்று நாம் காரைச் சொல்கிறோமே, அதுவும் மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் வழங்கிய பெயர்தான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ஹூப்பர் என்ற பட்டறை 1805-இல் குதிரைக் கோச்சு கட்டத் தொடங்கியது. மோட்டார் வந்தபின் அதே தச்சர்களும் அதே தோல்காரர்களும் கார் உடல் கட்டினார்கள். அந்நாளில் ரோல்ஸ்-ராய்ஸ் விற்றது எஞ்சினும் சட்டகமும் மட்டுமே. வாங்கியவர் அதை ஹூப்பரிடமோ பார்க்கரிடமோ முல்லினரிடமோ கொண்டுபோய், தையற்காரரிடம் துணி கொடுப்பதுபோல் கொடுத்து உடல் கட்டிக்கொண்டார். ஆஷ் மரத்தில் கூடு. அந்த மரம் வளையும், முறியாது. கூட்டின் மேல் அலுமினியத் தகடு. இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டைக் கொடுத்து முன்னும் பின்னும் இழுத்து இழுத்து வளைவு வரவழைப்பார்கள். பிறகு ரோல்ஸ்-ராய்ஸே இரும்பை அழுத்திச் செய்த உடலோடு முழுக் காராக விற்க ஆரம்பித்தது. 1959-இல் ஹூப்பர் கார் உடல் கட்டுவதை நிறுத்தியது. நம் சில்வர் கிளவுட் அந்தப் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் நடுவில் நிற்கிறது. உடல் ஆலையில் அழுத்தியது. அடியில் மட்டும் பழைய வழக்கப்படி தனிச் சட்டகம். 1965-இல் சில்வர் ஷேடோ வந்தபோது அதுவும் போயிற்று.

கல்யாணக் கார் அலங்காரத்துக்குச் சில யோசனை எழுதிவிட்டு நிறுத்துவதாகத்தான் இருந்தேன். மரக்கூடு, மேலே அடித்த தகடு என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. இதை நான் சின்ன வயதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பினாங்கு தெருவில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதத்தைச் சொல்கிறேன். 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் விடிகாலையில் கோவில் வீட்டிலிருந்து தண்டாயுதபாணியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரத்து நகரத்தார் கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். வழியெல்லாம் சிதறுதேங்காய். தமிழர் குவித்ததைவிடச் சீனர் குவித்தது பெரிய குவியலாக இருக்கும்.

எத்தனை பேர் அந்த ரதத்தைத் தச்சு வேலையாகவும் பட்டறை வேலையாகவும் பார்த்திருப்போம்? நம் வாகன வேலையின் முறை இதுதான்: முதலில் மரம். தச்சர் மரத்திலேயே முழு உருவத்தையும் செதுக்கிவிடுவார். பிறகு தகட்டு வேலைக்காரர் வருவார். வெள்ளியைக் காய்ச்சி, அடித்து, மெல்லிய தகடாக்கி, அரக்கின் மேல் படுக்கவைத்துப் பின்புறமிருந்து உளியால் தட்டுவார். பூவும் கொடியும் யாளியும் முன்புறம் எழும்பும். திருப்பிப் போட்டு நகாசு. அப்புறம் தகட்டை மரத்தின் மேல் போர்த்தி, அடியில் இருக்கிற செதுக்கலின் மேடு பள்ளத்தோடு ஒட்டி உறவாடும்படி அடித்துச் சின்னச் சின்ன ஆணியால் இறுக்குவார். லண்டனில் ஆஷ் கூட்டின் மேல் அலுமினியம் போர்த்தியவரையும் காரைக்குடிப் பக்கம் மரத்தின் மேல் வெள்ளி போர்த்தியவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் மொழியே இல்லாமல் பேசிக்கொள்வார்கள்.

ரோல்ஸ்-ராய்ஸ் தன் முகத்துக்குக் கோயிலின் சாயலை வாங்கிக்கொண்டது. நம் ரதம் முழுக்கவே கோயில். சக்கரம் வைத்த விமானம். சாமி ஏறுகிற மயிலுக்கும் வாகனம் என்றுதான் பெயர், ரோட்டில் போகிற லாரிக்கும் வாகனம் என்றுதான் பெயர். இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு மரியாதை இருக்கிறது.

எனக்கு இந்த ரதத்தில் மிகவும் பிடித்தது, அது இன்னும் தெருவுக்கு வருகிறது என்பதுதான். அதே வயதுடைய எத்தனையோ அருமையான வண்டிகள் உலகெங்கும் கயிறு கட்டிய மேடைகளில் நிற்கின்றன. இது மாடு பூட்டி, தேங்காய்த் தண்ணீரில் நனைந்த ரோட்டில், கூட்டத்தின் மூச்சு படுகிற தூரத்தில் போகிறது. 2017 முதல் தங்க ரதமும் வந்துவிட்டது. அதன் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் என் கால்கள் போய் நிற்பது வெள்ளி ரதத்தின் வழியில்தான்.

ரதத்துக்கும் பூ அலங்காரம் உண்டு, கார் தாங்க முடியாத அளவுக்கு உண்டு. அத்தனையும் கட்டியது. நாரிலும் நூலிலும் தொடுத்து, சுற்றி, முடிந்து தொங்கவிட்டது. விழா முடிந்தால் முடிச்சை அவிழ்ப்பார்கள், பூ வந்துவிடும், வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். நம் கைக்கு இது தெரியும். தெரிந்த கை ஏன் செலோடேப்பைத் தேடிப் போக வேண்டும்?

எண்ணெய் ஊற அரைமணி ஆயிற்று. ஓட்டுநர் அண்ணன் கட்டைவிரலால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்த்தி உருட்ட, பசை எள்ளுருண்டைபோல் திரண்டு வந்தது. ஓர் இடத்தில் மட்டும் விரல்நகம் அளவுக்கு மங்கல் நின்றுவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி வர இன்னும் நேரம் இருந்தது. நான் குவீன் தெருவுக்கு நடந்தேன்.

பூக்கடை அக்கா மல்லிகையும் அரளியும் தொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய மாலையாக ஒன்று, இரண்டு பக்கமும் நூல் நீளமாக விட்டு வேண்டும் என்றேன்.

"எந்தச் சாமிக்குய்யா?"

"சாமிக்கு இல்லக்கா, காடிக்கு."

அவர் நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை.

"முகம் எவ்வளவு அகலம்?"

கையை விரித்துக் காட்டினேன். முழம் போட்டுப் பார்த்து, இன்னொரு சரம் எடுத்துச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.