நோயாளர் வீடு திரும்பிய பின்

நம் இல்லத்தில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து நலமுடன் திரும்பியதும் நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்கிறோம். ஆபத்து நீங்கிற்று என்று ஆறுதல் கொள்கிறோம். ஆனால் அவர் நீரிழிவு உள்ளவராயின், வீடு திரும்பிய முதற் சில வாரங்களிலேதான் நாம் அதிக விழிப்பாயிருத்தல் வேண்டும்.

மருத்துவமனையில் வேளை தவறாத உணவும், அதற்கேற்ற ஊசியும், அடிக்கடி இரத்தச் சோதனையும் இருந்தன. வீட்டிலோ, நான்கு இட்டிலி உண்டவர் பசியின்றி ஒன்றோடு எழுந்துவிடுகிறார். இன்சுலின் அளவு மட்டும் குறைவதில்லை. நோயின் கடுமையால் ஏறியிருந்த சர்க்கரையும் நோய் தணியத் தணிய இறங்குகிறது. ஸ்டீராய்டு மருந்தைக் குறைக்கும்போதும் அவ்வாறே. இதனால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடலாம்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாறிய பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். நினைவோடிருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதற்கு அஞ்சி ஊசியைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் பெருங்கேடு. அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவரே.

மருந்துப் பெட்டியையும் நாம் கவனிப்போமாக. பழைய மாத்திரையும் புதிய சீட்டிலுள்ள மாத்திரையும் வெவ்வேறு பெயர் தாங்கிய ஒரே மருந்தாயிருக்கலாம். இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிக்கும். இன்சுலினும் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டது, 100 அலகு கொண்டது என இருவகையாகக் கிடைக்கிறது. 40-க்குரிய ஊசிக்குழலால் 100-க்குரிய மருந்தை எடுத்தால், உடலில் இரண்டரை மடங்கு மருந்து சேரும்! குப்பியிலும் குழலிலும் உள்ள எண் ஒன்றாயிருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஊசி போட வேண்டும்.

பக்தியுள்ள நம் முதியோர்க்கு மற்றுமோர் ஆபத்துண்டு. காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, நற்கருணை வாங்கும்வரை வெறும் வயிற்றோடிருக்கின்றனர். முதியோரும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும், திருவிருந்துக்கு முந்திய ஒரு மணி நேரத்திற்குள் உணவு கொண்டிருந்தாலும் நற்கருணை உட்கொள்ளலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (எண் 919) கூறுகிறது. சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஊசியைப் போட்டுக்கொண்டு ஒருசந்தி இருப்பது தவமாகாது, உயிருக்கே கேடாகும். தாய்த் திருச்சபை தந்த சலுகையை அன்போடு அவர்களுக்கு எடுத்துரைப்போம்.

நல்ல சமாரியர் காயங்களைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை. அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுபோய், தொடர்ந்து பராமரிக்குமாறு சாவடிப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார். மருத்துவர் நம்மிடம் ஒப்படைத்தவருக்கு நம் இல்லமே அச்சாவடி. சர்க்கரை அளவையும், உணவையும், ஊசியையும் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுவோம். குறித்த நாளில் அதனுடன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இதுவும் இறைவனுக்கு உகந்த இரக்கச் செயலே.