70 வருஷத்தை எங்கே விட்டீர்கள்?

ஊழியத்தில் இருக்கும் என் மாணவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

புது வருஷ நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கினேன். இந்த முறையும் எரேமியா 29:11. "இந்த வருஷமே உன் கடன் தீரும்" என்று பிரசங்கம். பக்கத்தில் ஒரு அம்மா அழுதுகொண்டே ஆமென் சொன்னார். போன வருஷமும் சொன்னவர்தான்.

முந்தின வசனத்தை வாசித்தீர்களா? 70 வருஷம் என்று இருக்கிறது! பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எழுதின கடிதம் அது. கேட்ட பெரியவர்கள் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா. நம் வருசநாட்டில் இலவங்கன்று ஊன்றுகிறவருக்கு இது புரியும். நட்ட வருஷமே யார் பஞ்சு எடுத்தது?

2 வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் அனனியா. 28ஆம் அதிகாரம். கர்த்தர் உன்னை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். இன்று எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் பிரசங்கத்தைச் செய்கிறோம்.

அந்த வசனம் நமக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை தம்பி. அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு மேடை ஏறு. இறங்கினதும், வட்டிக்காரரிடம் பேச அந்த அம்மாவோடு கூடப் போ.