பேராசைக்காரன் மட்டுமா ஏமாறுகிறான்?

'வெளிநாட்டில் ஏமாறுகிறவன் பேராசைக்காரன்தான்' என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். பாங்காக் அரண்மனைப் பக்கம் நடப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் வருவார். "இன்னிக்கு அரண்மனை மூடியிருக்கு, விசேஷ பூஜை" என்பார். பக்கத்திலேயே ஒரு டுக்டுக் ஆட்டோ. தாய்லாந்துப் பணம் 20 பாத் கொடுத்தால் நாலு கோயில். உள்ளூர்ப் பெரியவர் சொல்வதை நம்பியதில் பேராசை எங்கே வந்தது? கோயிலில் 'தற்செயலாக'ப் பேச்சுக் கொடுப்பவர், "ரத்தினக் கல்லுக்கு இன்னிக்கு மட்டும் அரசாங்கத் தள்ளுபடி, உங்க ஊர்ல இரட்டை விலைக்குப் போகும்" என்று ஓதிவிடுவார். அடுத்து வண்டி நிற்பது நகைக்கடையில். ஆளை இறக்கியதற்கு ஓட்டுநருக்கு எரிபொருள் கூப்பன். ஆசை வருவது கடைசிப் படியில்தான். அதுவும் அவர்கள் ஊட்டியது.

அரண்மனை சாதாரணமாக எல்லா நாளும் காலை 8.30க்கே திறந்துவிடும். டிக்கெட் கவுன்டர் வரை நடந்தால் குட்டு உடைந்துவிடும்.

நண்பரின் தத்துவம் செய்வது ஒன்றுதான்: ஏமாந்தவரை வெட்கத்தில் வாயடைக்கிறது. சுற்றுலாக் காவல்துறைக்கு 1155 என்ற எண் இருந்தும் அவர் அழைப்பதில்லை. கல் விற்றவனுக்கு வேறென்ன வேண்டும்?