கண்டதையும் தின்னுமா வெள்ளாடு?

ராத்திரி ஒட்டிய சினிமா போஸ்டரை விடிந்ததும் ஒரு வெள்ளாடு கிழித்துத் தின்றுகொண்டிருப்பது நம் ஊர்த் தெருக்களில் பழகிய காட்சி. அதைப் பார்த்துத்தான் ‘ஆடு கண்டதையும் தின்னும்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். போஸ்டருக்குப் பின்னால் பூசியிருப்பது மைதாப் பசை. காகிதமோ மரக்கூழ். அசைபோடும் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த நாரும் இரைதான். ஆட்டின் கணக்கில் அது மாவு தடவிய தழை. கதாநாயகன் யாரென்பது அதற்கு ஒரு பொருட்டில்லை.

தீர்ப்பு தப்பு என்பதற்குச் சாட்சி தமிழிலேயே இருக்கிறது. ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதொடைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆடுதின்னாப்பாளை என்று இன்னொரு செடியும் உண்டு. எதைப் போட்டாலும் தின்கிற பிராணியாக இருந்தால் இப்படிப் பெயர் வைக்க வழியே இருந்திருக்காது. ஆடு மேய்த்தவர்களுக்கு அதன் நாக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வெள்ளாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கெட்டியான ஈறுதான். அந்தக் குறையை மேலுதடு ஈடுகட்டுகிறது. விரல்போல வளைந்து, கருவேல முள்ளுக்கு நடுவே இருக்கும் சிற்றிலையை மட்டும் அது கிள்ளி எடுக்கும். கை இல்லாத பிராணி, புதிதாக ஒன்றைப் பார்த்தால் வேறு எதனால் தொட்டுப் பார்க்கும்? முந்தானை நுனி, சைக்கிள் சீட், கொடியில் காயும் துண்டு என எல்லாவற்றிலும் அது வாய் வைப்பது பெரும்பாலும் அந்த விசாரணைக்காகத்தான். வாய் வைத்ததெல்லாம் வயிற்றுக்குள் போவதில்லை.

செம்மறி தலை குனிந்து புல் மேயும். வெள்ளாடு தலை நிமிர்ந்து தழை தேடும். எட்டாவிட்டால் முன்னங்கால்களை மரத்தில் ஊன்றி நிற்கும். மொராக்கோவில் ஆர்கன் மரங்களின் உச்சிக் கிளைவரை ஏறி நின்று மேய்கின்றன. இதன் மூதாதை மேற்காசிய மலைகளில் வாழ்ந்த காட்டு ஆடு. மனிதர்கள் அதைப் பழக்கிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. திண்ணை, குட்டிச்சுவர், நிறுத்திவைத்த காரின் கூரை என்று உயரம் கண்ட இடமெல்லாம் ஏறுவது அந்த மலைக்காலின் பழக்கம்.

கொட்டிலில் அடைத்து வளர்ப்பவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பசும்புல்லை அறுத்துத் தரையில் போடுகிறார்கள். ஆடு நாலு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தை மிதித்து, அதன்மேல் புழுக்கை போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது. “கொழுப்பு ஏறிப்போச்சு” என்கிறார் வளர்ப்பவர். ஆனால் அது ஒதுங்குவதில் அர்த்தம் இருக்கிறது. குடற்புழுவின் முட்டைகள் புழுக்கையோடுதான் வெளியே வருகின்றன. அவை பொரித்து, ஈரப் புல்லில் ஏறி, மேயும் வாய்க்குள் திரும்பவும் போகும். உயரத்தில் தழை கடித்தே பழகிய வெள்ளாட்டுக்குக் குடற்புழுவைத் தாங்கும் சக்தி செம்மறியைவிடக் குறைவு. பனி உலர்ந்த பிறகே ஆட்டை ஓட்டிப்போகும் பழைய வழக்கம் இதனால்தான் நல்லது. அகத்தி, வேம்பு, கிளுவை எது கிடைத்தாலும் துரட்டியால் ஒடித்துக் கொத்தாகக் கட்டித் தலை உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். குச்சி மட்டும்தான் மிஞ்சும். பரண் கொட்டில் தேவைப்படுவதும் இந்தக் காரணத்தால்தான்: புழுக்கை இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும், படுக்கும் இடம் காய்ந்திருக்கும்.

இத்தனை தேர்ந்து தின்னும் ஆடு ஏமாறுகிற இடமும் உண்டு. தானியம் கண்டால் அதற்கு அளவு தெரியாது. அரிசி மூட்டையை அவிழ்த்து மேய்ந்துவிட்டாலோ, விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றைப் பாசத்தோடு அள்ளி வைத்தாலோ, வயிற்றுக்குள் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும். மருத்துவரிடம் போகத் தாமதமானால் செத்தும் போகும். தின்றது சோறுதானே, விஷமா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, அளவு மீறினால் ஆட்டுக்கு அது விஷம் போலத்தான். குப்பையில் உப்பும் குழம்பும் படிந்த பிளாஸ்டிக் பையும் இப்படியே உள்ளே போய், செரிக்காமல் இரைப்பையில் தங்கிவிடுகிறது. இதில் குற்றவாளி ஆடு அல்ல என்பது என் கட்சி.

கிடாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பருவ காலத்தில் அது தன் தாடியிலும் முன்னங்கால்களிலும் தானே மூத்திரத்தை அடித்துக்கொள்ளும். நமக்கு மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்த வாடைதான் பெட்டைக்கு அழைப்பு. பிறகு மேலுதட்டைச் சுருட்டி, இளிப்பதுபோல நிற்கும். பெட்டையின் மூத்திர வாடையை அப்படித்தான் ஆராய்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் பெட்டை, சினை பிடித்தால் ஐந்து மாதத்தில் குட்டி போடும்.

ஆடு நம்மை முறைத்துப் பார்ப்பதாகச் சிலருக்குத் தோன்றும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதைச் சோதித்தார்கள். தீனி உள்ள பெட்டியைத் திறக்க ஆடுகளைப் பழக்கிவிட்டு, பிறகு திறக்க முடியாதபடி மூடிவைத்தார்கள். ஆடுகள் எதிரே நின்ற மனிதரை ஏறிட்டுப் பார்த்தன. அவர் முதுகைக் காட்டி நின்றபோது அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. திறந்துகொடு என்று கேட்கும் பார்வையாகத்தான் எனக்கு அது படுகிறது.

கத்துவதும் அப்படித்தான். குட்டி பால்குடி மறந்து பல மாதமான பிறகும் அதன் குரலைத் தாயாடு அடையாளம் கண்டுகொள்ளும்; கூட்டத்தோடு அவ்வளவு ஒட்டிய பிராணி. நேர்த்திக்கடனுக்கென்று சந்தையில் ஒற்றைக் குட்டியை வாங்கி வந்து வாசலில் கட்டினால், அது ராத்திரி முழுக்கக் கத்தும். பசி என்று தழை போடுவார்கள், தாகம் என்று தண்ணீர் வைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவந்து சண்டை போடுவார். கூட இன்னொரு குட்டியைக் கட்டினால் போதும், இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்துவிடும்.